ஆர்டிஎக்ஸ் 3080: கேம் நடுவுல திரை கறுத்துடுது, ஃபேன் அலறுது. ஆனா சூடு 78 தான் காட்டுது

வேலூர்_தினேஷ்:

எல்லாருக்கும் வணக்கம். கிராஃபிக்ஸ் கார்டு பத்தித் தெரிஞ்சவங்க கொஞ்சம் பொறுமையா படிச்சு வழி சொல்லுங்க.

என்கிட்ட இருக்கிறது ஆர்டிஎக்ஸ் 3080, 10 ஜிபி. 2023ல சென்னையில ஒருத்தர்கிட்ட செகண்ட் ஹேண்டா வாங்கினது. வாரண்டி முடிஞ்சு போச்சு. சிபியு ரைசன் 5 5600எக்ஸ், எஸ்எம்பிஎஸ் (பிசிக்குக் கரண்ட் கொடுக்கிற பெட்டி) 750 வாட் கோல்ட். வாங்கினதுல இருந்து ஒரு குறையும் இல்லாமதான் ஓடிச்சு. இந்தக் கத்திரி ஆரம்பிச்சதும்தான் தொல்லை. என் ரூம் மொட்டை மாடிக்கு நேர் கீழ, ஏசி கிடையாது. மத்தியானம் ஆச்சுன்னா தளமே கொதிக்கும்.

சைபர்பங்க் 2077ல ரே ட்ரேசிங் போட்டு ஆடினா கால் மணி நேரம், இருபது நிமிஷம் நல்லா ஓடும். அப்புறம் திடீர்னு மானிட்டர்ல நோ சிக்னல். கார்டோட மூணு ஃபேனும் ஒரே நேரத்துல முழு வேகத்துக்குப் போய் அலறும். ஆனா பிசி ஆஃப் ஆகாது. ஹெட்செட்ல ஃப்ரெண்ட்ஸ் பேசுறது கொஞ்ச நேரம் கேட்டுக்கிட்டே இருக்கும். பவர் பட்டனை அழுத்திப் பிடிச்சு அணைச்சாதான் உண்டு. உடனே ஆன் பண்ணி திரும்பக் கேமுக்குப் போனா அஞ்சு நிமிஷம்கூடத் தாங்காது. எல்டன் ரிங் மட்டும் எவ்வளவு நேரம் ஆடினாலும் ஒண்ணும் ஆகிறதில்ல.

டிடியூன்னு டிரைவரை நீக்குற சாஃப்ட்வேர் போட்டுப் பழைய டிரைவரைச் சுத்தமா எடுத்துட்டுப் புதுசாப் போட்டேன். ப்ளோயர் வெச்சு தூசி எல்லாம் ஊதிட்டேன். ஈவென்ட் வியூவர்ல கெர்னல் பவர் 41ன்னு சிவப்புல நிக்குது. அதுக்கு முன்னாடி என்விஎல்டிடிஎம்கேஎம்னு (கார்டோட டிரைவர் ஃபைல்) சில எரர். ஆனா கேம்ல மூலையில தெரியுற ஜிபியு சூடு 78, மிஞ்சிப்போனா 79 தான். 3080க்கு இது சாதாரணம்னு எல்லா இடத்துலயும் போட்டிருக்கு.

இங்க ஒரு கடையில காட்டினேன். பிளக்ல போட்டுக்கூடப் பாக்கல. சிப்பை ரீபால் பண்ணணும் (கழட்டி, கீழ இருக்கிற சால்டர் உருண்டைகளைப் புதுசா வெச்சுத் திரும்ப ஒட்டுறது), 9,000 ரூபா ஆகும், கேரண்டி கிடையாதுன்னுட்டாங்க. கைல காசு சேர்த்து ஆசையா வாங்கின கார்டு. ரீபால் பண்ணித்தான் ஆகணுமா?

மின்மினி_87:

ப்ரோ, இது எஸ்எம்பிஎஸ் கோளாறு மாதிரிதான் தெரியுது. கெர்னல் பவர் 41ன்னாலே கரண்ட் பத்தலைன்னு அர்த்தம். 3080 பேருக்குத்தான் 320 வாட். கேம்ல ஒரு காட்சி மாறுற நொடியில மில்லி செகண்ட் கணக்குல 400 வாட்டைத் தாண்டி இழுக்கும். கார்டுல ரெண்டு 8 பின் பவர் சாக்கெட் இருக்குமே, ரெண்டுக்கும் தனித்தனி கேபிள் போட்டிருக்கீங்களா, இல்ல ஒரே கேபிள்ல ரெண்டு தலை இருக்கிறதை மாட்டியிருக்கீங்களா? ஒரே கேபிள்னா முதல்ல அதை மாத்துங்க. சரியாகலைன்னா 850 வாட் வாங்கிடுங்க.

ஆஃப்டர்பர்னர்ல (கார்டு செட்டிங் மாத்துற சாஃப்ட்வேர்) பவர் லிமிட்டை 70 சதவீதத்துக்கு இறக்கிப் பாருங்க. கிராஷ் நின்னுடுச்சுன்னா எஸ்எம்பிஎஸ்தான், சந்தேகமே வேணாம்.

வேலூர்_தினேஷ்:

நன்றி ப்ரோ. ஒரே கேபிள்லதான் ரெண்டு தலையும் இருந்துச்சு. பெட்டியில இன்னொரு கேபிள் கிடந்தது, இப்ப தனித்தனியா மாட்டிட்டேன். பவர் லிமிட் 70ல கிராஷ் ஆகல. ஆனா திரும்ப 100க்கு ஏத்தினா பழையபடி திரை கறுத்துடுது, கேபிள் மாத்தியும். அப்போ 850 வாட் வாங்கிடவா?

கோவை_சர்வீஸ்:

தம்பி, கொஞ்சம் பொறுங்க. இப்பவே காசைச் செலவு பண்ணிடாதீங்க. எஸ்எம்பிஎஸ்சுக்கும் வேண்டாம், ரீபாலுக்கும் வேண்டாம்.

பவர் லிமிட்டை இறக்கினா கிராஷ் நிக்குதுங்கிறது உண்மைதான். ஆனா அதை வெச்சு எஸ்எம்பிஎஸ்தான்னு முடிவு கட்ட முடியாதுங்க. வாட் குறைஞ்சா கரண்ட் இழுக்கிறதும் குறையும், சூடும் குறையும். ரெண்டும் ஒண்ணாக் குறையறப்போ குற்றவாளி எதுன்னு எப்படிச் சொல்றது? வாட்டைத் தொடாம சூட்டை மட்டும் குறைச்சுப் பாக்கணும். கேபினெட்டோட பக்கவாட்டுக் கதவைக் கழட்டிடுங்க, வீட்டுல இருக்கிற டேபிள் ஃபேனை நேரா கார்டு மேல வீசுற மாதிரி வைங்க, ஆஃப்டர்பர்னர்ல கார்டு ஃபேனை 100ல பூட்டிடுங்க. பவர் லிமிட் 100லயே இருக்கட்டும். இப்ப அதே கேம், அதே இடம். தாங்குச்சுன்னா சூடுதான். அப்பவும் விழுந்துச்சுன்னா எஸ்எம்பிஎஸ் பக்கம் போகலாம்.

கெர்னல் பவர் 41ஐ வெச்சுப் பயப்பட வேண்டாம். விண்டோஸ் ஒழுங்கா ஷட்டவுன் ஆகாம அணைஞ்சதுன்னு மட்டும்தான் அது சொல்லும். பட்டனை அழுத்திப் பிடிச்சு நீங்களே அணைச்சீங்களே, அதுக்கு எழுதின பதிவு அது. எஸ்எம்பிஎஸ் கைவிட்டா பெரும்பாலும் பிசி மொத்தமா அணைஞ்சிடும், இல்லன்னா ரீஸ்டார்ட் ஆகும். உங்களுக்கு பிசி உயிரோட இருக்கு, சத்தம் கேக்குது, கார்டு மட்டும் போயிடுது. கார்டுக்கும் மதர்போர்டுக்கும் நடுவுல தொடர்பு அறுந்ததும் ஃபேனை அடக்கி வைக்க ஆள் இல்லாம அது முழு வேகத்துக்குப் போயிடுது. கரண்ட் பத்தாமயும் இது வரலாம்தான். ஆனா குளிர்ந்த கார்டு இருபது நிமிஷம் தாங்குது, சூடான கார்டு அஞ்சு நிமிஷம்கூடத் தாங்கலைன்னு நீங்க எழுதினதைப் படிச்சதும் எனக்கு சூட்டு மேலதான் சந்தேகம். கரண்ட் பத்தலைன்னா முதல் நிமிஷத்துலயே விழலாம், அதுக்கு நேரம் காலம் கிடையாது. எல்டன் ரிங் விழாததுக்கும் இதுதான் காரணம்: அது 60 ஃபிரேமுக்கு மேல ஓடாது, உங்க கார்டு பாதி தூக்கத்துல இருக்கும்.

அடுத்தது அந்த 78. அது சிப்போட பொதுவான சூடு, அவ்வளவுதான். சிப்புக்குள்ள பல இடத்துல சென்சார் இருக்கு. அதுல எது அதிகமோ அதுதான் ஹாட் ஸ்பாட். அதுபோக 3080ல இருக்கிற மெமரி ஜிடிடிஆர்6எக்ஸ். அதோட சூடு தனிக் கணக்கு. 110 டிகிரி தொட்டா மெமரி தன் வேகத்தைத் தானே குறைச்சுக்கும். இந்த ரெண்டும் கேம் மூலையில தெரியாது. எச்டபிள்யூஇன்ஃபோ64 இறக்கி, சென்சார் பக்கத்துல "ஜிபியு ஹாட் ஸ்பாட்", "மெமரி ஜங்ஷன்" ரெண்டையும் பாருங்க.

பாத்தா மட்டும் போதாது, திரை கறுத்த பிறகு எதைப் பாப்பீங்க? கீழ லாகிங் பட்டன் இருக்கும், அதை ஆரம்பிச்சு விட்டுட்டு ஆடுங்க. எல்லா எண்ணும் ஒரு சிஎஸ்வி ஃபைல்ல வரிசையா எழுதிக்கிட்டே வரும். கார்டு விழுந்த பிறகு அந்த ஃபைலைத் திறந்து கடைசி வரியைப் படிங்க. வழக்கமா ரெண்டு செகண்டுக்கு ஒரு தடவைதான் எழுதும், அதை அரை செகண்டாக் குறைச்சு வைங்க.

ரீபால் பத்தி ஒண்ணு. நான் தினமும் இதே வேலைதான் பாக்கறேன், அதனால சொல்றேன். சிப்புக்குக் கீழ இருக்கிற சால்டர் உருண்டை விட்டிருந்தா, மெமரி கெட்டிருந்தா, பெரும்பாலும் குளிர்ந்த கார்டுலயே அறிகுறி தெரியும்: திரையில கட்டம் கட்டமா நிறம், கோடு, இல்ல டிஸ்ப்ளேவே வராது. உங்களுக்கு அதுல ஒண்ணும் இல்லைங்க. நல்ல சிப்பை ஹீட் கன் காட்டிக் கெடுத்துக்கொண்டு வந்தவங்களைப் பாத்து எனக்கு வயிறு எரியுது. அளந்து பாக்காம கார்டை யார் கையிலயும் கொடுத்துடாதீங்க.

வேலூர்_தினேஷ்:

அண்ணா, நீங்க சொன்னபடி செஞ்சேன். ரூம்ல இருந்த தெர்மாமீட்டர் 36 காட்டுச்சு.

முதல்ல கேபினெட் மூடின நிலையில. கிராஷுக்கு முந்தின கடைசி வரி: ஜிபியு 79, ஹாட் ஸ்பாட் 106, மெமரி ஜங்ஷன் 110. பின்னாடி வரிகளைப் படிச்சா மெமரி 110 தொட்டு அங்கேயே நின்னிருக்கு, வாட் 318ல இருந்து மெல்ல மெல்ல இறங்கியிருக்கு, அப்புறம் ஃபைலே நின்னு போச்சு. ஃபேன் அந்த நேரத்துல 68 சதவீதம்தான்! 110 டிகிரியில இருக்கிற மெமரிக்கு ஏன் ஃபேன் வேகமா சுத்தல?

அடுத்து கதவைக் கழட்டி, டேபிள் ஃபேன் வெச்சு, கார்டு ஃபேன் 100ல. வாட் அதே 320 பக்கம். ஹாட் ஸ்பாட் 91, மெமரி 98. சாயங்காலம் முழுக்க ஆடினேன், ஒரு தடவைகூட விழல. அப்போ சூடுதானே அண்ணா? 850 வாட் வேண்டாம்தானே?

கோவை_சர்வீஸ்:

வேண்டாங்க தம்பி. உங்க எஸ்எம்பிஎஸ் அதே 320 வாட்டை சாயங்காலம் முழுக்கக் கொடுத்திருக்கு. தனித்தனி கேபிள் மட்டும் அப்படியே இருக்கட்டும், மின்மினி சொன்ன அந்த யோசனை நல்ல யோசனை. ஒரு 8 பின்னுக்கு 150 வாட் கணக்கு. ரெண்டோட சுமையையும் ஒரே கேபிள் தலையில ஏத்தக் கூடாது.

ஃபேன் ஏன் சுத்தலைன்னு கேட்டீங்க. இந்தத் தலைமுறை கார்டுகள்ல பெரும்பாலும் ஃபேன் பாக்கிறது சிப்போட பொதுச் சூட்டைத்தான். மெமரி என்ன பாடு பட்டாலும் அதுக்குத் தெரியாது. உங்க கார்டு 2023ல கைமாறினது. எத்திரியம் மைனிங் 2022 செப்டம்பர்ல நின்னு போச்சு, அதுக்கப்புறம் மைனிங்ல ஓடின கார்டு எல்லாம் மார்க்கெட்டுக்கு வந்துச்சு. உங்களோடது அப்படி ஒண்ணான்னு நான் அடிச்சுச் சொல்லல. ஆனா மைனிங்ல சிப் குளுகுளுன்னு இருக்கும், மெமரி மட்டும் ராவும் பகலும் வேகும். அப்படி ஓடின கார்டுல முதல்ல உயிரை விடுறது மெமரி மேல இருக்கிற, சூட்டைக் கடத்துற தெர்மல் பேட்தான்.

79க்கும் 106க்கும் நடுவுல 27 டிகிரி இடைவெளி. நல்லா இருக்கிற கார்டுல இது 10, 15க்குள்ள இருக்கணும். சிப்பு சூடாகி விரியும், ஆறிச் சுருங்கும். ஒவ்வொரு தடவையும் சிப்புக்கும் ஹீட்சிங்குக்கும் (சூட்டை வாங்கி வெளிய விடுற உலோகத் துண்டு) நடுவுல தடவின பேஸ்ட்டைக் கொஞ்சம் கொஞ்சமா நடுவுல இருந்து ஓரத்துக்குத் தள்ளிக்கிட்டே இருக்கும். கடைசியில நடுவுல பேஸ்ட்டே இருக்காது. ஜனவரியில ரூம் 26 டிகிரி இருந்தப்போ அந்தப் பத்து டிகிரி மிச்சத்துல கார்டு பிழைச்சுது. ரூம் எத்தனை டிகிரி ஏறுதோ கார்டும் கிட்டத்தட்ட அத்தனை ஏறும். கத்திரி புதுசா எதையும் கெடுக்கல, இருந்த குறையை வெளிய காட்டியிருக்கு.

வாரண்டி இல்லைன்னு சொன்னீங்க, அதனால பிரிக்கலாம். வாரண்டி இருந்திருந்தா ஸ்க்ரூ மேல இருக்கிற ஸ்டிக்கரைத் தொடவே விட்டிருக்க மாட்டேன்.

பிரிக்கிறதுக்கு முன்னாடி ஒரு அஞ்சு நிமிஷம் கேம் ஓட்டி கார்டைச் சூடாக்குங்க, பேஸ்ட் இளகியிருக்கும். காஞ்ச பேஸ்ட்ல ஹீட்சிங்கை இழுத்தா சிப்பு ஓரம் உடையும். அப்புறம் பிசியை அணைச்சு, பிளக்கைப் பிடுங்கி, கார்டை வெளிய எடுங்க. பின்பக்கம் சிப்பைச் சுத்தி ஸ்பிரிங் வெச்ச நாலு ஸ்க்ரூ இருக்கும். ஒண்ணை முழுசாக் கழட்டிட்டு அடுத்ததுக்குப் போகாதீங்க. எதிரெதிர் மூலையா அரை அரைச் சுத்து. ஹீட்சிங்கை நேரா தூக்காதீங்க, லேசா இடமும் வலமும் திருகினா விட்டு வரும். விட்டதும் சடார்னு பிரிச்சுடாதீங்க, உள்ள ஃபேன் ஒயர் போர்டுல மாட்டியிருக்கும். கனெக்டரோட பிளாஸ்டிக்கைப் பிடிச்சு எடுக்கணும், ஒயரைப் பிடிச்சு இழுத்தா சாக்கெட்டே கையோட வந்துடும்.

இனிமேதான் முக்கியமான விஷயம்: பேட் தடிமன். ஒரே 3080தான்னாலும் கம்பெனிக்குக் கம்பெனி, மாடலுக்கு மாடல் இது மாறும். அரை மில்லிமீட்டர் அதிகமாப் போட்டா ஹீட்சிங்க் சிப்பு மேல சரியா உக்காராது. மெமரி குளிரும், ஹாட் ஸ்பாட் பறக்கும். குறைச்சலாப் போட்டா மெமரியைத் தொடவே தொடாது. பழைய பேட்டை வெர்னியர் வெச்சு அளங்க, அதுவும் அமுங்காத ஓரத்துல. அமுங்கின இடத்துல அளந்தா கணக்கு தப்பும். பிரிச்சதும் எதையும் துடைக்காம முதல்ல போட்டோ எடுத்துப் போடுங்க, பாத்துட்டுச் சொல்றேன்.

நெல்லை_அருண்:

குறுக்க வர்றதுக்கு மன்னிக்கணும். அண்ணாச்சி சொன்னது அத்தனையும் சரி. ஆனா முதல் தடவை பிரிக்கிறவருக்கு பேட் தடிமன் கணக்கு பெரிய தலைவலி. அதுக்குப் பதிலா தெர்மல் புட்டி வாங்கிடலாம்லா? களிம்பு மாதிரி உருட்டி மெமரி மேல வெச்சா ஹீட்சிங்க் அழுத்துற அழுத்துல இடைவெளி எவ்வளவோ அவ்வளவுக்கு அதுவே அமுங்கிக்கும். ஒரு மில்லிமீட்டரா ஒன்றரையாங்கிற பேச்சே கிடையாது. நான் என் கார்டுக்குப் புட்டிதான் போட்டிருக்கேன், ரெண்டு கோடையைத் தாண்டிட்டு.

சிப்புக்கு பேஸ்ட்டுக்குப் பதிலா பிடிஎம்7950 ஷீட் போடுங்க. 45 டிகிரி பக்கம் இளகி சிப்போட ஒட்டிக்கும். பேஸ்ட் மாதிரி ஓரத்துக்கு ஓடாது. நம்ம ஊர் வெயிலுக்கு அதுதான் தோது. போலி நிறைய வருது, பாத்து வாங்கணும்.

கோவை_சர்வீஸ்:

அருண் சொல்றதை ஏத்துக்கறேன். பிடிஎம் ஷீட் நல்ல சாமான், கிடைச்சா அதையே போடுங்க. புட்டி விஷயத்துல மட்டும் ஒரு எச்சரிக்கை: வாரி அப்பிடாதீங்க. அடுத்த தடவை பிரிக்கறப்போ குட்டிக் குட்டி கெபாசிட்டர் நடுவுல இருந்து அதைச் சுரண்டி எடுக்கிறதுக்குள்ள பொழுது விடிஞ்சிடும். மெமரி சிப்போட பரப்பு அளவுக்கு மட்டும் வைங்க.

வேலூர்_தினேஷ்:

பிரிச்சுட்டேன் அண்ணா. போட்டோ போட்டிருக்கேன், பாருங்க.

நீங்க சொன்ன மாதிரியே சிப்போட நடுப்பகுதி கண்ணாடியா பளபளன்னு இருக்கு, பேஸ்ட் ஒரு துளிகூட இல்ல. எல்லாம் நாலு ஓரத்துலயும் சாம்பல் நிறத்துல வரம்பு கட்டி நிக்குது. மெமரி பேட் விரல் பட்டதும் அப்பளமா நொறுங்குது. சிப்பைச் சுத்தி பத்து மெமரி இருக்கு. அதுல இடது பக்கம் இருக்கிறதோட பேட்ல சிப்பு அழுத்தின அச்சு ஆழமா விழவே இல்ல, மேலோட்டமா ஒரு கோடுதான். வலது பக்கம் நாலு மூலையும் நல்லாப் பதிஞ்சிருக்கு. போர்டு மேல அங்கங்க எண்ணெய் மாதிரி ஈரம். ஏதாவது லீக்கா?

கோவை_சர்வீஸ்:

அந்த எண்ணெய் பேட்ல இருந்து கசிஞ்ச சிலிகான், கரண்டைக் கடத்தாது. ஐசோப்ரொபைல் ஆல்கஹால் 99 சதவீதம் வாங்கி, பழைய பனியன் துணியில நனைச்சுத் துடைச்சாப் போயிடும். கடையில கிடைக்கிற சானிடைசரைத் தொடாதீங்க, அதுல தண்ணியும் வழவழப்புக்குக் கலந்ததும் இருக்கும்.

இடது பக்க அச்சுதான் உங்க 110. அந்தப் பக்கம் ஹீட்சிங்க் சரியாவே தொடலைங்க. புதுசு போட்டு ஸ்க்ரூவை முடுக்கினதும் உடனே பிசியில மாட்டாதீங்க. ஒரு தடவை திரும்பக் கழட்டி, பத்து மெமரியிலயும் அச்சு ஒரே மாதிரி விழுந்திருக்கா, சிப்பு முழுக்கப் பரவியிருக்கான்னு பாருங்க. இந்தச் சோதனைக்கு மட்டும் சிப்பு மேல மலிவான பேஸ்ட்டைத் தடவிக்கோங்க, நல்ல சாமானை வீணாக்க வேண்டாம். திருப்தியானதும் துடைச்சுட்டு ஷீட்டைப் போட்டு மூடுங்க.

வேலூர்_தினேஷ்:

அண்ணா, அருண் அண்ணா, மின்மினி ப்ரோ, எல்லாருக்கும் கை எடுத்துக் கும்பிடுறேன். சிப்புக்கு பிடிஎம் ஷீட், மெமரிக்கும் விஆர்எம்முக்கும் (கார்டுல வோல்டேஜை மாத்திக் கொடுக்கிற பகுதி) புட்டி. அச்சு சோதனை பண்ணினப்போ இடது பக்கம் புட்டி இன்னும் கொஞ்சம் தேவைப்பட்டுச்சு, வெச்சுட்டேன்.

கேபினெட் மூடி, டேபிள் ஃபேன் இல்லாம, மத்தியான வெயில்ல, அதே 320 வாட்: ஜிபியு 73, ஹாட் ஸ்பாட் 85, மெமரி 86. லாக்ல ஒரு வரிகூட சூட்டால வேகம் குறைஞ்சதா இல்ல. முதல் நாள் ஹாட் ஸ்பாட் 89 காட்டுச்சு, ரெண்டு மூணு தடவை சூடாகி ஆறின பிறகுதான் 85க்கு வந்துச்சு. புட்டி, ஷீட், ஆல்கஹால் எல்லாம் சேர்த்து 2,500 ரூபாகூட ஆகல.

இப்ப அண்டர்வோல்ட் பண்ணலாமா? சேஃபா?

கோவை_சர்வீஸ்:

ரொம்ப சந்தோஷம் தம்பி. நல்ல கார்டு ஒண்ணு குப்பைக்குப் போகாம தப்பிச்சுது.

அண்டர்வோல்ட் தாராளமாப் பண்ணலாம். வோல்டேஜைக் குறைக்கிறதால கார்டு கெடாது. ரொம்பக் குறைச்சா கேம் விழும், அப்ப ஒரு படி ஏத்திக்கணும், அவ்வளவுதான். ஆஃப்டர்பர்னர்ல கன்ட்ரோல் எஃப் அழுத்தினா வளைவு வரும். 0.850 வோல்ட் புள்ளியை 1800 மெகாஹெர்ட்ஸுக்குத் தூக்கி, அதுக்கு வலது பக்கம் இருக்கிற எல்லாத்தையும் அதே மட்டத்துக்கு இறக்கிடுங்க. பெரும்பாலான 3080 இதைத் தாங்கும். 320 வாட் தின்ற இடத்துல 250 பக்கம் நிக்கும், ஃபிரேம் குறையறது கண்ணுக்கே தெரியாது. ரூம்ல அந்த 70 வாட் சூடும் மிச்சம். ஆனா சூட்டை மறைக்க இதை முதல்லயே பண்ணியிருந்தா அந்தக் காஞ்ச பேட் உள்ளயே கிடந்திருக்கும். அதனாலதான் இவ்வளவு நேரம் இதைப் பத்தி வாயைத் திறக்கல.

குமரன்_பினாங்கு:

பழைய திரியைக் கிளறுறேன், மன்னிக்கவும். என்னுடையது 3080 டிஐ, வேறு கம்பெனி. ஜிபியு 76, ஹாட் ஸ்பாட் 88, மெமரி 104. கிராஷ் எதுவும் இல்லை. மெமரி எண்ணைப் பார்த்துப் பயமாக இருக்கிறது. தினேஷ் பேட் அளந்திருந்தால் அந்தத் தடிமனைச் சொல்ல முடியுமா? நானும் பிரித்துவிடலாம் என்று பார்க்கிறேன்.

கோவை_சர்வீஸ்:

குமரன், அவரோட அளவு உங்க போர்டுக்குப் பொருந்தாதுங்க, வாங்கிடாதீங்க. உங்க ஹாட் ஸ்பாட் இடைவெளி 12தான், சிப்பு பேஸ்ட் நல்லா இருக்கு, அதைக் கலைக்க வேண்டாம். 110க்கு இன்னும் ஆறு டிகிரி இருக்கு. முதல்ல ஃபேன் வேகத்தைக் கொஞ்சம் ஏத்தி, மேல சொன்ன மாதிரி அண்டர்வோல்ட் பண்ணி ஒரு லாக் போடுங்க. அதுலயும் மெமரி நூறுக்குக் கீழ இறங்கலைன்னா உங்க மாடல் பேரோட தனித் திரி தொடங்குங்க, பாத்துக்கலாம்.